உட்கார்ந்துவிட்ட பதினோரு பேர்

கொண்டைத்தாங்கல் ஊராட்சி மன்ற அலுவலகத்தின் சுவரில் தொங்கிய பழைய போட்டோவில் நூற்று முப்பது வருஷமாக நின்றுகொண்டிருந்த பதினோரு பேரும் வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், பஸ் இருக்கிறது, காலை ஒன்பதுக்கு ஒன்று, சாயங்காலம் நாலரைக்கு ஒன்று. முதலில் பார்த்தவள் ஊராட்சித் தலைவர் அஞ்சுகம். கதவைத் திறந்து, துடைப்பத்தைக் கையில் எடுத்து (தலைவர் எதற்குத் துடைப்பம் எடுக்கிறாள் என்று முந்திக்கொண்டு கேட்காதீர்கள், அதற்கும் வருகிறேன்), நிமிர்ந்து பார்த்தாள், பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்றாள். "அதானே, எவ்ளோ நாழிதான் நிப்பீங்க, காலு கடுக்காதா?" என்று சொல்லிவிட்டு மூலையிலிருந்து பெருக்க ஆரம்பித்தாள்.

அந்தப் படம் வந்த கதை இதுதான். வெள்ளைக்காரன் காலத்தில், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றில், ஒரு துரை மூன்றுகால் பெட்டியோடு கொண்டைத்தாங்கலுக்கு வந்து, ஊர்த்தெருப் பக்கம் திரும்பாமல் நேரே சேரிக்குப் போய், களத்தில் வேலையாக இருந்த பதினோரு பேரைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தி, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் நட்டு, ஆளுக்கொரு சிலேட்டில் நம்பர் எழுதிக் கழுத்தில் மாட்டி, இரும்பு இடுக்கியால் மண்டையை அளந்து, மூக்கை அளந்து, அசையக்கூடாது என்று அதட்டிப் படம் பிடித்துக்கொண்டு போனான். படத்தின் பின்பக்கம் தலையின் சுற்றளவு இருந்தது, மூக்கின் அகலம் இருந்தது, பெயர் மட்டும் ஒருவருக்கும் இல்லை. சென்னையில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் அதை எங்கேயோ ஒரு பெட்டியிலிருந்து கண்டெடுத்து, கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, "இது உங்க ஊர் ஜனங்க, உங்ககிட்டதான் இருக்கணும்" என்று கொண்டுவந்து கொடுத்தாள். கூட வந்த பெரிய அதிகாரி தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டினார். துணைத் தலைவர் தணிகாசலம், நம்ம ஊருக்கு இவ்வளவு பழைய படமா என்று முதல் ஆளாகக் கைதட்டியவர், கிட்டப் போய் யார் என்ன என்று பார்த்ததும் கைதட்டுவதை நிறுத்திக்கொண்டார். அதிகாரி மாட்டியதைக் கழற்ற முடியுமா? தொங்கியது தொங்கியதுதான்.

இப்போது துடைப்பத்துக்கு வருகிறேன். அந்தத் தடவை தலைவர் பதவியைக் காலனிப் பெண்ணுக்கென்று அரசாங்கம் ஒதுக்கியிருந்தது. இருபது வருஷம் தலைவராக இருந்த தணிகாசலம், தன் கழனியில் வேலை செய்யும் ஏழுமலையின் பெண்சாதி அஞ்சுகத்தை நிறுத்திவைத்தார். (தணிகாசலத்தை அவர் என்றும் அஞ்சுகத்தை அவள் என்றும் சொல்லி வாய் பழகிவிட்டது, மன்னியுங்கள்.) காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்பது அவர் நினைப்பு. பத்தாவது படித்த பெண், நம்ம பெண், குத்து முத்திரையை என்பது காலனியின் நினைப்பு. ஜெயித்து, பதவியேற்று, மாலையும் கழுத்துமாக அவள் அலுவலகத்துக்குள் போனபோது தலைவர் நாற்காலியில், அந்தப் பச்சை ரெக்சின் போட்ட சுழல்நாற்காலியில், தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய துண்டு உட்கார்ந்திருந்தது. யாரும் அவளை உட்காராதே என்று சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. அவளாகவே சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். மறுநாள் அதே இடத்தில் ஒரு கோரைப்பாய் விரித்திருந்தது. தரையில் உட்காருகிறவள்தானே தரையைப் பெருக்க வேண்டும்? துடைப்பம் அப்படி வந்ததுதான்.

கொடியேற்றுவதும் தணிகாசலம்தான். இரண்டு ஆகஸ்டும் அவர் கயிற்றை இழுத்தார், அவர் தலையில் பூ கொட்டியது, கூட்டத்தில் கொடுத்த மிட்டாயில் ஒன்று அஞ்சுகத்துக்கும் கிடைத்தது. இரண்டு மிட்டாயையும் அவள் தின்னவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு போய் வீட்டு மாடத்தில் வைத்தாள், எறும்பு தின்றது. மூன்றாவது ஆகஸ்டில் அந்தக் கயிறு என் கையில் இருக்கணும், அந்த நாற்காலியில் ஒரு நாளாவது நான் உட்காரணும் என்று அவள் நெஞ்சுக்குள் ஒன்று இருந்தது. புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

படத்தில் இருந்தவர்கள் உட்கார்ந்த விஷயத்தில் முதலில் ஆடிப்போனது ஊராட்சிச் செயலர் குணாளன். வெளியூர்க்காரன், பயந்த சுபாவம், எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். இருப்புப் பதிவேட்டில் "பெரிய போட்டோ ஒன்று, கண்ணாடியுடன், பதினோரு பேர் நின்ற நிலையில்" என்று அவன் கைப்பட எழுதியிருந்தான்.

"தலைவரம்மா, எழுதினது ஒண்ணு, இருக்கறது ஒண்ணுன்னா நாளைக்குத் தணிக்கைக்கு வர்றவங்க என் குடுமியத்தானே பிடிப்பாங்க?"

"இருக்கறத எழுதுங்க சார். அதுக்கு இன்னாத்துக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

அவன் நின்ற நிலையைச் சிவப்பு மையில் அடித்து, உட்கார்ந்த நிலை என்று எழுதி, தேதி போட்டு நீட்டினான். அஞ்சுகம் வழக்கம்போல முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் படத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்பர் எழுதிய சிலேட்டுகளைக் கழற்றி மண்ணில் போட்டு, ஆளுக்கொன்றாக அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

சேதி காலனிக்குப் போனது. அலுவலகத்தின் மூன்று படிக்கட்டுக்கு மேலே காலனி ஏறிப் பழக்கமில்லை. மனு கொடுப்பதென்றாலும் கீழே நின்று எட்டிக் கொடுப்பதுதான். சொந்த ஜனம் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது வெளியே நின்று எப்படிப் பார்ப்பது? ஏழுமலைக்கு அத்தை முறையாகும் பட்டம்மா, வாயாடி, நாலு ஊருக்குக் கேட்கிற குரல், முதல் ஆளாகப் படியேறினாள், அவள் பின்னால் காலனி மொத்தமும் ஏறியது. படிக்கட்டு இடிந்து விழவில்லை, வானமும் விழவில்லை. "ஏழாம் நம்பரு எங்க வூட்டு ஆளுடி, அந்தத் தாடையப் பாரு, அப்பிடியே என் பெரியம்மா" என்றாள் பட்டம்மா. "உங்க தாடை எங்க, அது எங்க, போ அத்தே, கெழக்கால வூட்டு ஜாடை அது" என்றான் ஒருவன். இரண்டாம் நம்பருக்கு நாலு குடும்பம் சண்டை போட்டது. எங்க பாட்டன், எங்க பாட்டன் என்று அத்தனை பேரும் மார்தட்டி அன்றைக்குத்தான் அஞ்சுகம் பார்த்தாள். பெயரில்லாத பதினோரு பேருக்குச் சாயங்காலத்துக்குள் ஐம்பது பெயர் ஆகிவிட்டது.

போகப் போக அது ஒரு வழக்கமாகிவிட்டது. படத்தில் இருந்தவர்கள் அசைவதை யாரும் பார்த்ததில்லை, ஆனால் காலையில் ஒரு மாதிரியும் மத்தியானம் ஒரு மாதிரியும் இருந்தார்கள். வெயில் ஏறினால் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். மழை வருவதாக இருந்தால் ஏழாம் நம்பர்க்காரி அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள், அவள் பார்த்தால் அன்றைக்கு மழை கொட்டியது, ஒரு நாள் தப்பியதில்லை. டிவியில் சொல்கிற மழையை நம்பி நிலக்கடலையைப் போட்டு நனையவிட்ட ஊர்த்தெரு சரசா, ஒரு வாரம் யோசித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அலுவலக வாசலுக்கு வந்து நின்றாள். "யக்கா, அவங்க இன்னா சொல்றாங்க இன்னிக்கு, மல்லாட்டை காயப்போடலாமா?" என்று கேட்டாள். காலனிப் பெண்ணை அக்கா என்று ஊர்த்தெரு கூப்பிட்டது கொண்டைத்தாங்கலில் அதுதான் முதல் தடவை, அதுவும் நிலக்கடலைக்காக. அஞ்சுகம் படத்தைப் பார்த்துவிட்டு, "போடு, போடு, எல்லாரும் தலை குனிஞ்சு தாயம் ஆடிக்கிட்டிருக்காங்க" என்றாள்.

காலனி ஒரு தப்பும் செய்தது, அந்தத் தப்பை அவர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். பதினோரு பேரும் கால் வலித்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். காலனியில் ஒருவர் உட்கார்ந்தால் நடவு முடிந்து இடுப்பு போயிருக்கும், மூட்டை சுமந்து முட்டி போயிருக்கும், அதைத் தவிர உட்காருவதற்கு வேறு காரணம் அவர்கள் கண்டதில்லை. பட்டம்மா நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிக் கிண்ணத்தோடு படத்துக்கு அடியில் வைத்தாள். தையல் கடையிலிருந்து பெஞ்சு தூக்கிவந்து போட்டார்கள். பதினோரு டம்ளர் டீ வைத்தார்கள். மூன்று மாதம் ஆகப்போகிறது, எண்ணெய் அப்படியே இருந்தது, டீ ஆறி ஆடை கட்டியது, உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. "இன்னா வலியோ பாவம்" என்று பட்டம்மா மூக்கைச் சிந்தினாள்.

ஆடி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை, ஆகஸ்டு கொடியேற்றத்துக்கு ஏற்பாடு பேசத் தணிகாசலம் அலுவலகத்துக்கு வந்தார். படம் உட்கார்ந்ததிலிருந்து அவர் அந்தச் சுவரைப் பார்ப்பதேயில்லை, நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். அவருடைய செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் குணாளன் எழுந்தான், மனு கொடுக்க வந்திருந்த மூன்று பேர் எழுந்தார்கள், அஞ்சுகம் பாயிலிருந்து கையூன்றி எழுந்தாள். எழுந்தவளுக்கு ஏதோ உறுத்தியது. திரும்பினாள். படத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தாயக்கட்டையைக் கீழே போட்டுவிட்டு, பதினோரு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து, தணிகாசலத்தைப் பார்க்காமல், அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடக்கடவுளே, என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவர்களுக்குக் கால் வலியில்லை. துரை நிற்கச் சொன்னான், நின்றார்கள், யார் யாரோ வந்தால் எழுந்திரு என்று சொன்னார்கள், எழுந்தார்கள், போதும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று மாதமாக என் கண்ணெதிரே உட்கார்ந்துகாட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான் முட்டாள், அவர்கள் காலுக்கு எண்ணெய் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தணிகாசலமும் அதைக் கவனித்துவிட்டார். அவர் முகம் சிவந்தது. "குணாளா, கொடியேத்தறதுக்கு முன்னாடி சொவத்துக்கு வெள்ளையடிக்கணும். இந்தப் படத்தக் கழட்டி சிமெண்ட்டு ரூம்ல போடு."

"ஐயா, அது அதிகாரி மாட்டினது…"

"வெள்ளையடிச்சிட்டு மாட்டிக்கலாம். போடுன்னா போடு." பிறகு அஞ்சுகத்தைப் பார்த்து, "நீ இன்னா முறைக்கிற? மறுபடியும் மாட்டறப்ப சொல்லியனுப்பறேன், வந்து பாத்துக்க" என்றார்.

அன்று சாயங்காலம் அடுப்பு மூட்டும் நேரத்தில் அவள் ஏழுமலையிடம் சொன்னாள். கொடிக்கயிறு, நாற்காலி, இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவன் காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே கேட்டான்.

"நீ அதுல உக்காந்தா நாளைக்கு என்ன அந்தாளு கழனியில உடுவாரா?"

"உடமாட்டாரு."

"வேற எவனாவது கூப்புடுவானா?"

"இந்த ஊர்ல கூப்புட மாட்டாங்க. பயமாத்தான் இருக்குது எனக்கும்."

ஏழுமலை சுரண்டின சேற்றைக் கையால் தள்ளிவிட்டான். "அந்தாளு வரப்புல நடந்து வந்தா நான் எறங்கி சேத்துல நிப்பேன். பதினாறு வருசமா நிக்கறேன். அந்தாளு ஒருநாளும் எறங்குன்னு சொன்னதில்ல, தெரியுமா?" என்றான். பிறகு சட்டென்று, கோபமாக, "உக்காரு. நல்லா சாஞ்சி உக்காரு" என்றான்.

படத்தைக் கழற்றி, சிமெண்ட்டு மூட்டைகளுக்கு நடுவே முகம் சுவரைப் பார்க்க வைத்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்து வெள்ளையடித்தான். சுண்ணாம்பு காய்ந்ததும் பார்த்தால், படம் தொங்கிய இடத்தில், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு, பதினோரு பேரும் சுவரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் கை அடித்தான். மூன்றாம் கை அடித்தான். பிறகு மட்டையை வாளியில் போட்டுவிட்டுத் தணிகாசலத்திடம் போய் நின்றான். "ஐயா, என் வேலையில கொறை சொல்லாதீங்க. சுண்ணாம்பு நல்லாத்தான் பிடிக்குது. அவங்க துணியெல்லாம் வெளுத்து பளிச்சுனு ஆயிடுச்சு. ஆளுங்கதான் போக மாட்டேங்கறாங்க." உண்மைதான். அழுக்குக் கோவணத்தோடும் கிழிசலோடும் இருந்தவர்கள் சலவை வேட்டியும் வெள்ளைப் புடவையுமாக, கொடியேற்றத்துக்குக் கிளம்பிய கோலத்தில் இருந்தார்கள். குணாளன் சிமெண்ட்டு அறைக்கு ஓடிப்போய்ச் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தான். கண்ணாடிக்குள் வெறும் மண்தரை இருந்தது, அதில் பட்டை அடித்த அளவுகோல் மட்டும் அளப்பதற்கு ஆளில்லாமல் தனியாக நின்றது.

ஆகஸ்டு பதினைந்து அன்று கொடியேற்றமும் கிராம சபையும் ஒன்றாக நடக்கும், மேற்பார்வைக்கு வெளியூர் அதிகாரி ஒருவர் வருவார். தணிகாசலம் எப்போதும் கடைசியாகத்தான் வருவார், வந்தால் கூட்டம் மொத்தமும் எழுந்திருக்கும், அதை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அன்றைக்கு அஞ்சுகம் எட்டு மணிக்கே வந்தாள். துடைப்பத்தைத் தொடவில்லை. கோரைப்பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினாள். பச்சை நாற்காலியை முந்தானையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். அது சுற்றுகிற நாற்காலி என்பது அவளுக்கு மறந்தேபோயிருந்தது. உட்கார்ந்த வேகத்தில் அது கிறீச்சென்று அரைச்சுற்றுச் சுற்றி அவளைச் சுவருக்கு எதிரே நிறுத்தியது. பதினோரு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஏழாம் நம்பர்க்காரி வெற்றிலைக் காவி ஏறிய பல்லைக் காட்டிச் சிரித்தாள்.

காலனி வந்தது, பார்த்தது, தரையில் வரிசையாக உட்கார்ந்தது. பட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊர்த்தெருவிலிருந்தும் சிலர் வந்தார்கள், சரசா வந்தாள். அதிகாரி வந்தார், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டினார். கடைசியில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

தணிகாசலம் வாசலில் நின்றார். கஞ்சி போட்ட சட்டை மடமடத்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. சரசா மட்டும் பழக்கதோஷத்தில் பாதி எழுந்தாள், எழுந்தவள் சுவரைப் பார்த்தாள், அஞ்சுகத்தைப் பார்த்தாள், மெதுவாகத் திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

"எழுந்திரு அஞ்சுகம். வெளையாட்டு போதும்."

அவளுக்கு முட்டி தானாக எழப்பார்த்தது. பழகின முட்டி அல்லவா, அது சொன்ன பேச்சைக் கேட்குமா? இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்கையா, கூட்டம் இன்னும் ஆரம்பிக்கல. துணைத் தலைவர் நாற்காலி அதோ இருக்குது. உங்க துண்டுகூட அதுலதான் உக்காரும்."

"உன் புருசன் எவன் கழனியில சோறு திங்கறான்னு மறந்துபோச்சா?"

"புருசன் இங்கதான் உக்காந்திருக்கான்" என்று தரையிலிருந்து ஏழுமலையின் குரல் வந்தது. "இனிமே வரப்புல நீங்க வந்தா, ஒதுங்கிப் போங்க, எடமிருக்குது."

அதிகாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தார். "இங்க தலைவர் யாரு?"

"நான்தான் சார்" என்றாள் அஞ்சுகம். அந்த இரண்டு சொல்லும் அவளுக்கே புதிதாகக் கேட்டது. இரண்டு வருஷத்தில் யாரும் அவளை அதைக் கேட்டதில்லை.

"அப்ப வாங்கம்மா, கொடியேத்துங்க, நேரமாகுது."

அவள் எழுந்தாள். யாருக்காகவும் எழாமல் தனக்காக எழுவது இப்படித்தான் இருக்குமா என்று நினைத்துக்கொண்டே முற்றத்துக்கு நடந்தாள், அவள் பின்னால் காலனி எழுந்து நடந்தது, ஊர்த்தெரு எழுந்து நடந்தது. கயிறு சொரசொரவென்று இருந்தது, அவள் நினைத்திருந்ததைவிட லேசாக இருந்தது. இழுத்தாள், முடிச்சு அவிழ்ந்தது, செவ்வந்திப் பூ அவள் தலையிலும் தோளிலும் கொட்டியது, கொடி விரிந்து காற்றில் படபடத்தது. தணிகாசலமும் நேராக நின்றார், கொடிக்கு எல்லோரும்தான் நிற்க வேண்டும். பட்டம்மாதான் முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கத்தினாள்.

"அய்யோ, எழுந்துட்டாங்கடி! எங்க ஆளுங்க எழுந்துட்டாங்க!"

எழுந்து நின்றிருந்தார்கள். துரை நிறுத்திய மாதிரி கையை ஒட்டவைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு இல்லை. ஏழாம் நம்பர்க்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள், இரண்டாம் நம்பர்க்காரர் பக்கத்து ஆளின் தோளில் கைபோட்டு நின்றார், ஒருவர் மீசையை நீவிக்கொண்டிருந்தார், கடைசியில் இருந்த சின்னப்பெண் நன்றாகத் தெரியவேண்டும் என்று எக்கி நின்றாள். அத்தனை பேரும் ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சுகத்துக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை, அழுதுகொண்டே அன்றைக்குக் கொடுத்த மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். எலுமிச்சை மிட்டாய், கொஞ்சம் புளிப்பு.

கூட்டம் முடிந்ததும் குணாளன் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். சிவப்பு மையில் அடித்து, "சுவரில், பதினோரு பேர், நின்ற நிலையில்" என்று எழுதி, தேதி போட்டு, மேஜையில் வைத்தான். பச்சை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி அஞ்சுகம் அதைப் படித்தாள். பேனாவை எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு வரி இருக்குது சார், எழுதுங்க."

"என்னம்மா?"

"யாரும் நிக்கச் சொல்லல."

குணாளன் எழுதினான். அவள் அதையும் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.